நாலு தையல் மெஷின்

இப்போதெல்லாம் ஜீவனாம்சம் கேட்டால் புருஷன், பெண்டாட்டி இருவருமே சம்பளம், சொத்து, கடன் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரமாக எழுதித் தரவேண்டுமாம். வக்கீல் நண்பர் ஒருவர் சொன்னார். எங்கள் வழக்கில் அவ்வளவு சிரமமில்லை. பரோட்டாக் கடையில் வைத்து ஒன்பது வயதுப் பையனைக் கேட்டார்கள், அவன் முழு விவரமும் தந்துவிட்டான். அந்த மேதை நான்தான்.

அப்பாவுக்குக் கடலூர் சிப்காட்டில் கெமிக்கல் கம்பெனி வேலை. அவர் விவாகரத்து கேட்டுக் கோர்ட்டுக்குப் போனதும், அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு சிதம்பரத்தில் மாமா வீட்டுக்கு வந்தாள். அங்கே அத்தையின் பழைய மெஷினில் ஜாக்கெட் தைத்தாள். மாதாமாதம் ஏதாவது கொடுக்கச் சொல்லி அவளும் மனுப் போட்டிருந்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைப் பார்க்க வந்த அப்பா, பஸ் ஸ்டாண்டு பக்கம் பரோட்டா வாங்கிக் கொடுத்தார்.

"அம்மா என்னடா பண்ணுது?"

அழுகிறது என்று சொல்ல வெட்கமாக இருந்தது. நாங்கள் ஜோராக இருப்பது தெரிந்தால் பொறாமையில் ஓடி வந்துவிடுவார் என்றும் தோன்றியது.

"நாலு மெஷின் போட்டுருக்குதுப்பா. ரெண்டு அக்காங்க வேலைக்கு வர்றாங்க."

"நெசமாவா?"

அப்பா எனக்கு இன்னொரு பரோட்டா சொன்னார். நான் ஒரு ஃபிரிட்ஜும் வாங்கிவிட்டேன்.

அடுத்த மாதம் கடலூர் கோர்ட்டில் அம்மாவைக் கூண்டில் ஏற்றி அப்பாவின் வக்கீல் கேட்டார்.

"மெஷின் எத்தினிம்மா வெச்சிருக்கீங்க?"

"ஒண்ணுங்க. அதுவும் எங்க அண்ணியோடது."

"நாலுன்னு உங்க புள்ளையே சொல்லியிருக்கான். அவனயே ஏத்திக் கேட்டுடலாமா?"

மாமா பக்கத்தில் உட்கார்ந்திருந்த நான் பெஞ்சுக்கு அடியில் போய்விட்டேன். செருப்பைத் தேடுகிறேனாம். இரண்டு செருப்பும் காலில்தான் இருந்தன. கோர்ட்டில் பொய் சொன்னால் ஜெயில் என்று மாமா சொல்லியிருந்தார். ஜெயிலில் பரோட்டா கிடைக்குமா என்பது வரை யோசித்துவிட்டேன். போதாததற்கு விக்கல் வேறு, கோர்ட்டு முழுக்கக் கேட்கிற மாதிரி.

அம்மா விக்கல் வந்த பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"புள்ளய ஏத்த வேணாங்க," என்றாள். "நாலுன்னே எழுதிக்குங்க."

எழுதிக்கொண்டார்கள். பிற்பாடு வந்த உத்தரவில் எனக்கு மாதம் முந்நூறு ரூபாய். சொந்தமாகச் சம்பாதிக்கிறவள் என்று அம்மாவுக்கு ஒன்றுமில்லை. நாலு மெஷின்காரிக்கு எதற்குப் புருஷன் காசு?

அன்றைக்குத் திரும்பும் பஸ்ஸில் மாமாதான் குதித்தார். "ஒனக்குப் பைத்தியமா பாப்பா? இல்லாத மெஷின இருக்குதுன்னு சொல்லிட்டு வர்றியே! நாளைக்கு சோத்துக்கு என்னா பண்ணுவ?"

அம்மா முந்தானையால் என் முகத்தைத் துடைத்தாள்.

"அந்தக் கூண்டு ரொம்ப உசரம்டா. ஏறியிருந்தா பயந்துருப்ப."

அதெப்படி என்னைப் பயந்தாங்கொள்ளி என்று சொல்லலாம்? விக்கல் நின்றுவிட்ட தைரியத்தில், நான் பயந்திருக்கவே மாட்டேன் என்று சிதம்பரம் வருகிற வரைக்கும் அவளோடு சண்டை போட்டுக்கொண்டு வந்தேன்.