தேசப்பனைப் பார்க்கப் போன பெண்கள்

காலை கூடூர் பாசஞ்சரில் உட்கார இடமில்லை. சென்ட்ரலிலிருந்து கும்மிடிப்பூண்டி நாற்பத்தெட்டு கிலோமீட்டர்தானே, நின்றுகொண்டே போய்விடலாம் என்று ஏறிவிட்டேன். எழுபதுகளின் நடுவில், ஒரு சித்திரை மாதம். எக்சேஞ்சில் டெலிபோன் ஆபரேட்டராக இருந்தேன். முந்தின நாள் சாயங்காலம் கும்மிடிப்பூண்டியிலிருந்து வந்த டிரங்க் காலை இணைத்தபோதே விஷயம் காதில் விழுந்துவிட்டது. தேசப்பன் இறந்துவிட்டார்.

இரண்டு முறை எங்கள் பக்கத்து எம்.எல்.ஏ.வாக இருந்தவர். நான் பழவேற்காடு ஏரிக்கரையில் ஒரு குப்பத்துப் பெண். பொன்னேரி ஹாஸ்டலில் இடமில்லை என்று என்னைத் திருப்பி அனுப்பியபோது, அவரே என் அப்பாவுடன் வந்து வார்டன் எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். இடம் கொடுத்த பிறகுதான் எழுந்தார். அந்த இடம் கிடைத்திராவிட்டால் எனக்குப் படிப்பும் இல்லை, வேலையும் இல்லை.

அத்திப்பட்டு உப்பளங்களைத் தாண்டி, மீஞ்சூரில் கொஞ்சம் கூட்டம் இறங்கியது. பொன்னேரியில் பத்துப் பன்னிரண்டு பெண்கள் ஏறினார்கள். பழவேற்காட்டிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து வந்தவர்கள். கூடைகளில் மீனுக்குப் பதில் ஈரத்துணி போர்த்திய சாமந்தி.

"இன்னாம்மா, நீயும் எம்மெல்லேவ பாக்கத்தான் போறியா?" என்று கேட்டு எனக்கு இடம் ஒதுக்கிய பெண்ணின் பெயர் அஞ்சலம்மா.

"ஆமாங்க்கா."

"எங்க குப்பத்துக்குத் தண்ணிக் கொயா அவுரு போட்டதுதான். வந்தா எங்க ஊட்லதான் சோறு துன்னுவாரு," என்றாள்.

கும்மிடிப்பூண்டியில் இறங்கி, பள்ளிக்கூட மைதானம்வரை நடந்தோம். பந்தலின் கீழ் உடலைக் கிடத்தியிருந்தார்கள். சுற்றிக் கயிறு. கயிற்றுக்கு இப்பால் வெயிலில் ஜனங்கள். சட்டையில் கறுப்புத்துணி குத்திய கட்சிச் செயலாளர் எங்களைப் பார்த்ததும் வேகமாக வந்தார்.

"மினிஸ்டர் வர்ற நேரம். கூடையெல்லாம் எடுத்துக்கினு அப்பால போங்கம்மா. மீன் வாடை அடிக்குது."

"பூக்கூடைங்க இது," என்றேன்.

"மினிஸ்டர் போன அப்புறம் பாக்கலாம்," என்று சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டார்.

நின்றோம். உச்சிப்பொழுது ஆயிற்று. சாமந்தி வாட ஆரம்பித்தது. கார்களில் வந்தவர்களுக்கெல்லாம் கயிறு இறங்கியது. ஏரியில் கழிவை விடாதே என்று தேசப்பன் எந்தத் தொழிற்சாலை வாசலில் உட்கார்ந்து அடி வாங்கினாரோ, அந்தத் தொழிற்சாலையின் முதலாளி ஆளுயர மாலையோடு வந்தார். அவரிடம் மைக்கையும் கொடுத்தார்கள். "என் உடன்பிறவாச் சகோதரர்" என்று அவர் தழுதழுத்தபோது, எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. அந்த அடியில் முறிந்த கையைக் கட்டிக்கொண்டு தேசப்பன் எங்கள் குப்பத்துக்கு வந்ததை என் கண்ணால் பார்த்தவள் நான்.

அமைச்சர் வந்தார், மாலை போட்டார், போனார். அடுத்த நிமிடமே உடலைத் தூக்கி லாரியில் ஏற்றிவிட்டார்கள்.

"நாங்க பாக்கலியே," என்று அஞ்சலம்மா ஓடினாள்.

"நேரமாச்சு. இங்கிருந்தே கும்பிட்டுக்கோ," என்றார் செயலாளர்.

அஞ்சலம்மா நேராகப் போய் லாரிக்கு முன்னால் கூடையை வைத்துவிட்டு, ரோட்டில் உட்கார்ந்தாள். மற்றவர்களும் உட்கார்ந்தார்கள். நானும் உட்கார்ந்தேன். தார் சுட்டது. செயலாளர் போலீஸைக் கூப்பிட்டார். ஒரு கான்ஸ்டபிள் லத்தியால் கூடையைத் தள்ளினார். பூ ரோட்டில் கொட்டியது.

"வாடை வாடைன்றியே," அஞ்சலம்மா செயலாளரை நிமிர்ந்து பார்த்தாள். "அதே வாடைலதான் அவுரு எங்களோட குந்திக்கினு துன்னாரு. உன்னாண்ட எப்பனா சொன்னாரா, இவளுங்க நாறுறாளுங்கன்னு?"

அப்போது லாரியின் பின்னாலிருந்து தேசப்பனின் மனைவி இறங்கி வந்தார். யாரோ கையைப் பிடித்துத் தடுத்தார்கள், உதறினார். கொட்டிய பூவை ஒரு பிடி அள்ளி மடியில் போட்டுக்கொண்டு, அஞ்சலம்மா பக்கத்தில் ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"இவங்க பாக்காம என் ஊட்டுக்காரரு போவ மாட்டாரு. எறக்குங்க," என்றார்.

இறக்கினார்கள். முதலாளியின் மாலை கால்மாட்டுக்குப் போயிற்று. பெண்கள் ஒவ்வொருவராக அவர் முகத்தைத் தொட்டு, புழுதி ஒட்டிய சாமந்தியை மார்பில் வைத்தார்கள். அஞ்சலம்மா வாய்விட்டு அழுதாள். என் முறை வந்தபோது நானும் அந்த முகத்தைத் தொட்டேன். சில்லென்றிருந்தது. கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை. நாலடி தள்ளிக் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி செயலாளர் நின்றிருந்தார்.

மாலை வண்டியில் திரும்பினேன். பொன்னேரியில் அவர்கள் இறங்கிக்கொண்டார்கள். இப்போது நான் குடியிருக்கும் ராயபுரம் சந்தில் ஒரு சாவு விழுந்தால், அடுப்பை அணைத்துவிட்டு எல்லோரும் ஓடுவோம். முதலில் யார் பார்ப்பது என்று அங்கே ஒருவரும் கேட்டதில்லை. வண்டி பேசின் பிரிட்ஜைக் கடக்கும்போதும் பல்லைக் கடித்துக்கொண்டுதான் இருந்தேன். அவருக்காக அழத்தான் லீவு போட்டுவிட்டுப் போனேன். அதைக்கூட விடவில்லை, பாவிகள்.