செருப்புக்குக் காவல் நின்ற வெள்ளிக்கிழமைகள்

என் கணவருக்குக் கடவுள் நம்பிக்கை வந்து இரண்டு வருஷம் ஆகப்போகிறது. அதற்கு முன்பெல்லாம் நாங்கள் இருவரும் சேர்ந்துதான் கோயிலுக்குப் போவோம்.

இதைச் சொன்னால், நான் வாய் தவறி மாற்றிச் சொல்வதாகத்தான் எல்லோரும் நினைக்கிறார்கள். மாற்றியெல்லாம் சொல்லவில்லை. கல்யாணமான புதிதிலேயே, "எனக்குச் சாமி கிடையாது. உனக்கு இருந்துட்டுப் போகட்டும்" என்று சொன்னவர் அவர். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து தியாகராய நகரில் ஜாக்கெட் துணிக் கடை போட்ட குடும்பம். கடையில் அண்ணன் ஊதுபத்தி ஏற்றினால் இவர் வேண்டுமென்றே தும்முவார். ஆனாலும் வெள்ளிக்கிழமை சாயங்காலமானால் கல்லாவை அண்ணனிடம் விட்டுவிட்டு மந்தைவெளி வீட்டுக்கு வந்து, என்னை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு மயிலாப்பூர் கோயிலுக்குப் புறப்பட்டுவிடுவார். நான் உள்ளே போவேன். அவர் போகமாட்டார்.

கோபுரத்துக்கு எதிரே பூக்கடைகளை ஒட்டி ஒரு விளக்குக் கம்பம். அதன் அடியில் நிற்பார். காலடியில் என் செருப்பு, தோளில் என் கைப்பை. ஒருமுறை வெளியூர்க் குடும்பம் ஒன்று, செருப்பு பார்த்துக்கொள்கிற ஆள் இவர்தான் என்று நினைத்து, வந்த அத்தனை பேரும் அவர் முன்னால் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டார்கள். இவரும் வாயைத் திறக்காமல் காவல் காத்திருக்கிறார். திரும்பி வந்த பெரியவர் பத்து ரூபாயை நீட்ட, வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். "உங்க சாமி புண்ணியத்துல எனக்குக் கிடைச்ச முத வருமானம்" என்று வீடு வரும்வரை சிரித்தார். அந்தப் பத்து ரூபாய்க்கு எனக்கு மல்லிகைப்பூ வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் சிரித்தார்.

நான் வெளியே வந்ததும் அவர் கேட்கிற முதல் கேள்வி, "என்ன, உங்க ஆளு என்ன சொல்லுதாரு?" நான் ஒன்று விடாமல் சொல்வேன். மகளின் பரீட்சைக்கு வேண்டிக்கொண்டது, என் தங்கையின் கர்ப்பத்துக்கு வேண்டிக்கொண்டது, கடைக்கு எதிரே புதிதாக வந்த பெரிய ஜவுளிக்கடை நாசமாய்ப் போகட்டும் என்று வேண்டிக்கொண்டுவிட்டு உடனே பயந்து போய் வாபஸ் வாங்கியது. எல்லாவற்றையும் கேட்டுக் கிண்டல் செய்துகொண்டே பிரசாதத்தை வாங்கிச் சாப்பிடுவார். "பொங்கல்ல சாமி கிடையாது, நெய்யிதான் இருக்கு" என்பார். என் மனசில் இருந்ததெல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது அந்த வெள்ளிக்கிழமைப் பேச்சினால்தான். மற்ற நாட்களில் எங்களுக்குப் பேச ஏது நேரம்?

சண்டையும் போடுவோம். "வேண்டிக்கிட்டதும் பிள்ளைக்குக் காய்ச்சல் இறங்கிச்சே" என்பேன். "மேல்வீட்டுப் பையனுக்கும்தான் இறங்கிச்சு. அவங்க அம்மா டாக்டரைத்தான் வேண்டிக்கிட்டா" என்பார். சாமி இருக்கிறது என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டால் எனக்கு இன்றைக்கும் சொல்லத் தெரியாது. அப்படி ஒரு கேள்வி எனக்குள் எழுந்ததே இல்லை. அம்பாள் முன்னால் போய் நின்றால் என் பாரம் இறங்கும், அவ்வளவுதான்.

"நம்பிக்கைதான் இல்லையே, பின்ன எதுக்கு வாரம் தவறாம வந்து நிக்கீங்க?" என்று ஒருநாள் கேட்டேன்.

"உள்ள போகும்போது ஒரு மூஞ்சி வச்சிருக்க. வெளிய வரும்போது வேற மூஞ்சி. உள்ள என்ன நடக்குன்னு எனக்குத் தெரியாது. அந்த மூஞ்சியைப் பாக்கத்தான் வாரேன்" என்றார்.

இதைக் கேட்ட பிறகாவது நான் சும்மா இருந்திருக்கலாம். எனக்கு அது போதவில்லை. பக்கத்தில் புருஷன்மார் கைகூப்பி நிற்கிற பெண்களைப் பார்த்தால் ஏக்கமாக இருக்கும். அதனால் எத்தனை வேண்டுதல் இருந்தாலும் கடைசி வேண்டுதல் எப்போதும் ஒன்றுதான். அவருக்கும் ஒருநாள் தோன்றட்டும், தாயே.

தோன்றியது. ஆனால் என் தாய் அனுப்பிய வழி வேறாக இருந்தது. கடையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு காலையில் ராஜா அண்ணாமலைபுரத்துப் பூங்காவுக்கு நடக்கப் போக ஆரம்பித்தார். அங்கே தத்துவப் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் நடை சிநேகிதரானார். இருவரும் பெஞ்சில் உட்கார்ந்து கடவுள் உண்டா இல்லையா என்று மாதக்கணக்கில் வழக்காடியிருக்கிறார்கள். இவர்தான் இல்லை என்ற கட்சி. ஒருநாள் வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் கூடத்தில் நின்றபடி சொன்னார்.

"நாம துணி விக்கோம். நமக்கு மொத்தக் கடைக்காரன் குடுத்தான். அவனுக்கு ஈரோட்டுக்காரன் குடுத்தான். இப்படியே எல்லாரும் வாங்கி விக்கிறவனாவே இருந்தா துணி எங்கருந்து வரும்? எங்கயாவது ஒரு தறி ஓடியாகணும்லா? இந்த உலகமும் அப்படித்தான். ஒண்ணுக்கு ஒண்ணு காரணம்னு போய்க்கிட்டே இருக்க முடியாது. யார்கிட்டயும் வாங்காத ஒண்ணு இருந்தே ஆகணும்."

"அந்தத் தறியை யார் செஞ்சா?" என்று கேட்டேன். இத்தனை வருஷச் சண்டையில் அவரிடமே கற்றுக்கொண்ட குறுக்குக் கேள்விதான்.

"நானும் அதையேதான் ஆறு மாசமா கேட்டுக்கிட்டு இருந்தேன். அதையும் ஒருத்தன் செஞ்சான்னா அது தறியில்ல, அதுவும் ஒரு கடைதான். முடிவுல செய்யப்படாதது ஒண்ணு வேணும். இருக்கு. ஒத்துக்கிட்டேன்."

எனக்கு அந்த வாதம் பாதிதான் புரிந்தது. ஆனால் 'இருக்கு' என்பது புரிந்தது. அழுதுவிட்டேன். அந்த வாரமே அம்பாளுக்குப் புடவை சாத்தினேன். அதற்காக நான் கோயிலுக்கும் புடவைக்கடைக்குமாக அலைந்தபோது மகள் வந்திருந்ததால் அவள்தான் துணைக்கு வந்தாள். அவர் வராததை அந்தச் சந்தோஷத்தில் நான் கவனிக்கவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை புடவை கட்டி, பூக்கூடையை எடுத்துக்கொண்டு வந்து பார்த்தால் நாற்காலியில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார்.

"நீ போயிட்டு வா."

"ஏன், உடம்புக்கு முடியலையா?"

"நல்லாத்தான் இருக்கேன். எங்கயும் இருக்குறதைப் பாக்க எதுக்கு மயிலாப்பூர் வரைக்கும் போகணும்?"

"நீங்க எப்பங்க உள்ள வந்தீங்க? செருப்பைத்தானே பாத்துக்கிட்டீங்க?"

கோபமில்லாமல்தான் சொன்னார். "அப்ப எனக்கு அது வெறும் பொய். பொய்யின்னா பக்கத்துல நின்னு வேடிக்கை பாக்கலாம். இப்ப அது உண்மைன்னு ஆயிப்போச்சு. அதுக்கு நீங்கல்லாம் புடவை கட்டி, தேங்கா உடைச்சு, பரீட்சைக்கு மார்க் கேக்குறதை வாசல்ல நின்னு பாத்துக்கிட்டு இருக்க மனசு வரல."

அதோடு பிரசாதத்தையும் நிறுத்திவிட்டார். உருவமில்லாததற்குச் சோறு காட்டுவது அவருக்கு இப்போது உறுத்துகிறதாம். நெய் அதே நெய்தான்.

இரண்டு வாரம் கழித்து, அந்த விளக்குக் கம்பத்தடியில் பூக்கட்டுகிற பெண் கேட்டாள். "இன்னாம்மா, உன் ஊட்டுக்காரு வர்றதே இல்ல? உடம்பு கிடம்பு சரியில்லியா?"

"உடம்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு. அவருக்குச் சாமி நம்பிக்கை வந்துடுச்சு."

"நம்பிக்க வந்தா கோயிலுக்கு வராம பூடுவாங்களா? இன்னாம்மா ஞாயம் இது?" என்று சிரித்தவள், என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒரு முழம் கூடுதலாக அளந்து கொடுத்தாள்.

இப்போது ஆட்டோவில் போகிறேன். செருப்பை டோக்கன் வாங்கிக்கொண்டு ஸ்டாலில் விடுகிறேன். வெளியே வந்ததும் கண் தானாகக் கம்பத்தடிக்குப் போகிறது. யாரிடமும் சொல்ல எதுவும் இல்லாமல் வீடு திரும்புகிறேன். வீட்டில் அவர் கண்மூடி இருப்பார். அந்த நேரத்தில் அவர் முகம் அமைதியாக இருக்கும், பொய் சொல்லக்கூடாது. அது நல்ல நம்பிக்கையாகவே இருக்கலாம், என்னுடையதைவிட ஒசத்தியாகவும் இருக்கலாம். ஆனால் அதில் எனக்கு இடமில்லை. நான் கேட்டுத்தானே அம்பாள் கொடுத்தாள். சாமி இல்லாத நாளில் அவர் என்னோடு இருந்தார். அதன் அருமை எனக்கு அப்போது தெரியவில்லை.

போன வெள்ளிக்கிழமை அம்பாள் சன்னதியில் கூட்டம் குறைவு. குருக்கள் தீபாராதனை காட்டினார். கடைசி வேண்டுதலுக்கு வந்தபோது, கொடுத்ததை எடுத்துக்கொள் தாயே என்று கேட்டுவிட்டேன். எந்தப் பெண்ணாவது இப்படி வேண்டியிருப்பாளா? வழக்கமாக இறங்குகிற பாரம் அன்றைக்கு இறங்கவில்லை.

வீட்டுக்கு வந்து பூக்கூடையை வைத்தேன். என்ன தோன்றியதோ, இத்தனை நாள் கழித்து அவர் கேட்டார். "என்ன வேண்டிக்கிட்ட?"

"உங்களுக்காகத்தான்."

"எனக்கு இனிமே என்ன வேணும்? பெருசு எதுவோ அதுதான் கிடைச்சாச்சே."

"அதைத்தான் எடுத்துக்கச் சொன்னேன்" என்றேன்.

கிண்டல் என்று நினைத்துச் சிரித்தார். கம்பத்தடியில் நின்று சிரிக்கிற அதே சிரிப்பு. சிரித்துக்கொண்டே நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். கோயிலுக்குப் போகும்போது இருந்த முகமாகவே அது இருந்திருக்க வேண்டும். சிரிப்பை நிறுத்திவிட்டார்.