கேமராக்காரன் எப்படிப் பிழைத்தான்?

எங்கள் மாடிவீட்டு விஸ்வேஸ்வரனுக்குப் பாம்பை எப்படித் தோலுரித்துச் சுடுவது என்று தெரியும். கோவைக்காய்க் கறியைத் தட்டின் ஓரமாக ஒதுக்கிவைத்துவிட்டுத்தான் அதை எனக்கு விளக்குவார். புனே லோஹேகாவ் விமானப்படைத் தளத்தில் கணக்குப் பிரிவில் வேலை. வீட்டுக்கு வந்ததும் டிவியில் யாராவது காட்டில் தனியாக மாட்டிக்கொண்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் மனிதருக்குச் சோறு இறங்காது. அவர் நிஜமாகவே வழி தவறியது ஒரே ஒரு முறை, கடக்வாஸ்லா அணைப் பக்கம். வெங்காய பஜ்ஜி வாசனையைப் பிடித்துக்கொண்டே பஸ் நிற்கும் இடத்துக்கு வந்து சேர்ந்தாராம். அதையும் சாகசமாகத்தான் சொல்வார்.

இன்னொரு பைத்தியம், பழைய ராக் பாட்டு. வெளிநாட்டுத் தாத்தாக்கள் கிடாரைத் தூக்கிக்கொண்டு எந்த ஊருக்கு வந்தாலும் இவரும் போபோடியில் இருக்கும் இவர் நண்பர் ஆண்டனியும் ஆஜர். ஆண்டனி கட்கியில் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டர். வேலை தேடி வந்த காலத்தில் இருவரும் ஒரே அறையில் இருந்தவர்கள். கச்சேரி அறிவிப்பு வந்தால் ஆண்டனி போன் செய்து ஒரே வார்த்தை கேட்பார்: "வரியா?" ஹலோ கிடையாது. எங்கே, எப்போது என்றும் கிடையாது.

போன மழைக்காலத்தில் இந்த இருவருக்கும் சண்டை வந்தது. ஆண்டனி வீட்டுக்கு வந்திருந்தார். டிவியில் ஒருவன் பாலைவனத்தில் நாக்கு வறண்டு தவழ்ந்துகொண்டிருந்தான்.

"ஏண்டா விச்சு, இவன் தனியாத்தானே இருக்கான்? அப்ப கேமராக்காரன் எப்படிப் பொழச்சான்? அவனுக்குத் தண்ணி யாரு குடுத்தா?"

விஸ்வேஸ்வரனுக்குச் சுருக்கென்றது. "ஒன் பாட்டுக்காரத் தலைவர் மட்டும் என்னவாம்? இந்த வயசுல அந்த உச்சத்தைப் பிடிக்கறார்னா அது டேப்புடா. வாயை மட்டும் அசைக்கறார்."

ஆண்டனி டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார். அதோடு போனும் நின்றது.

சண்டையைவிட மோசம், இரண்டு கேள்விகளும் விஸ்வேஸ்வரனின் மண்டைக்குள் புகுந்துகொண்டதுதான். "அவன் தனியா இல்லேன்னா இத்தனை வருஷமா நான் என்னத்தைப் பார்த்தேன்? பாட்டு டேப்புன்னா நான் எதுக்கு அழுதேன்?" என்று லிஃப்டில் என்னை மறித்துக் கேட்டார். என் மாடி வந்ததும் இறங்கிக்கொண்டேன்.

டிசம்பரில் ஆண்டனியின் தலைவருடைய குழுவே, இதுதான் கடைசிப் பயணம் என்று சொல்லிக்கொண்டு, புனேவுக்கு வந்தது. விஸ்வேஸ்வரன் பக்கத்துப் பக்கத்து இருக்கையாக இரண்டு டிக்கெட் வாங்கினார். போனை எடுப்பார், பார்ப்பார், வைத்துவிடுவார்.

"ஒரு போன் பண்ணினா கொறஞ்சா போயிடுவேள்?" என்றார் மனைவி நீலா.

"எப்பவும் அவன்தானே கேப்பான்? கேக்கட்டும்."

ஆண்டனி கேட்கவில்லை. இனி கேட்கவே மாட்டானோ என்று பயந்துகொண்டே, இரண்டு டிக்கெட்டோடு விஸ்வேஸ்வரன் தனியாகப் போனார்.

அன்று சாயங்காலம் நடந்ததை அவரே சொல்லித்தான் எனக்குத் தெரியும். மைதானத்தில் ஜனத்திரள். காட்டிலென்றால் சூரியனைப் பார்த்துத் திசை கண்டுபிடித்துவிடுவாராம். இங்கே நாலு பக்கமும் விளக்கு. எந்த வாசல் வழியாக வந்தோம் என்பதே மறந்துபோய் நின்றார். அப்போது மேலே கேலரியிலிருந்து கட்டைக் குரலில் ஒரு சத்தம்.

"வரியா?"

"வரேண்டா!" என்று கத்திக்கொண்டே படியேறினார். இடித்தவர்கள் திட்டியதுகூடக் காதில் விழவில்லை.

மேலே ஆண்டனி இல்லை. தொண்டை கட்டிய ஒரு செக்யூரிட்டி, வழியை அடைத்து நின்ற கூட்டத்தைப் பார்த்துக் கையாட்டிக்கொண்டிருந்தார். "வர் யா! காகா, வர் யா!" மராத்தியில் பெரியவரே, மேலே வாருங்கள் என்று அர்த்தம். தினமும் காய்கறிக்காரரோடு மராத்தியில் மல்லுக்கட்டுகிற மனிதருக்கு அந்த நிமிஷத்தில் அது புரியாமல் போய்விட்டது. அசட்டுச் சிரிப்போடு போய்த் தன் இருக்கையில் உட்கார்ந்தார். பக்கத்து இருக்கையில் பையை வைத்தார். அழுகை முட்டிக்கொண்டு வந்ததாம்.

படியில் யாரோ மூச்சு வாங்கினார்கள். கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஒரு காலை இழுத்து இழுத்து ஏறி வந்தது ஆண்டனி.

"என் டிக்கெட்டு கீழ, நின்னுக்கிட்டுப் பாக்குறது. மேலேருந்து நீ வரியான்னு கூப்ட்டதுனால ஏறி வந்தேன். முட்டியே போச்சு. அவ்ளோ கூட்டத்துல என்னைய எப்படிடா பாத்த?"

எது நிஜம், எது பொய் என்று மாதக்கணக்கில் குழம்பிய மனிதர் கொஞ்சமும் கூசாமல் சொன்னார். "ஒன் வழுக்கை தெரிஞ்சுதுடா." பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

ஆண்டனி உட்காரக் குனிந்தபோது பின்னாலிருந்து மறுபடி கேட்டது. "வர் யா! வர் யா!"

ஆண்டனி திரும்பிச் செக்யூரிட்டியைப் பார்த்தார். பிறகு விஸ்வேஸ்வரனைப் பார்த்தார். முட்டியைத் தேய்த்துக்கொண்டே உட்கார்ந்தார்.

"டேப்பாடா?"

"டேப்புதாண்டா. நான் வாயை மட்டும் அசைச்சேன்."