ஆம்பூரில் ஒன்பதரை, ஜெர்மனியில் ஐந்து

ஜனவரி மாதம், செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பதரை மணிக்கு ஆம்பூரில் நிற்கிறீர்கள். ஜெர்மனியில் அப்போது மணி என்ன, யாரையும் கேட்காமல் சொல்ல முடியுமா? மெர்சியால் முடியும்.

பேர்ணாம்பட்டிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வந்து, பதினான்கு வருடமாக ஒரு ஷூ தொழிற்சாலையில் தோலுக்குச் சொல்யூஷன் தடவி ஒட்டுகிறவர் அவர். அந்தச் சம்பளத்தில் நர்சிங் படித்த தங்கை பியூலா இப்போது ஜெர்மனியில் வேலை பார்க்கிறாள். அங்கே நேரம் கோடையில் நமக்கு மூன்றரை மணி பின்னால், குளிர்காலத்தில் நாலரை. மெர்சி பன்னிரண்டரைக்குச் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும்போது அங்கே எட்டு. அப்போதுதான் விடிகிறது என்று பியூலா ஜன்னலைப் படம் எடுத்து அனுப்புவாள். பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடும் எல்லம்மாவும் அதைப் பார்ப்பாள்.

சொல்யூஷன் நெடியை வெளியே இழுக்கும் எக்ஸாஸ்ட் ஃபேன் மூன்று மாதமாக ஓடவில்லை. நவம்பரில் எல்லம்மா வேலை மேசையிலேயே மயங்கிச் சரிந்தாள். காலையில் சாப்பிடாமல் வந்ததே காரணம் என்று பர்சனல் அதிகாரி பிரேம்குமார் எழுதி வைத்தார்.

ஷூ வாங்கும் ஜெர்மன் கம்பெனி, தொழிலாளர்களிடம் வீடியோவில் நேரடியாகக் குறை கேட்கப் போவதாக அறிவிப்பு வந்தது. ஐந்து பெண்களின் பெயர்கள் இருந்தன. மெர்சியும் எல்லம்மாவும் அதில் உண்டு. முதலில் பிற்பகல் மூன்றரை என்றிருந்தது. மறுநாள் அதை அடித்து, காலை ஒன்பதரை என்று எழுதியிருந்தது.

"இன்னா சார், டைம் மாத்திட்டீங்க?" என்று மெர்சி பிரேம்குமாரிடம் கேட்டார்.

"செவ்வாக்கெழமை மூணுலேர்ந்து நாலரை ராகு காலம்மா. நல்ல விஷயத்த அப்பவா பேசுவாங்க?"

மெர்சிக்கு உறுத்தியது. பிரேம்குமாரின் ராகு காலத்துக்காக ஒரு ஜெர்மன் அதிகாரி விடியற்காலை ஐந்து மணிக்கு ஆபீசில் வந்து உட்காருவாரா?

செவ்வாய்க்கிழமை ஒன்பதரைக்கு முதல் ஆளாக மெர்சி உள்ளே போனார். திரையில் கோட்டு போட்ட ஒருவர் இருந்தார். "அங்கயே செட்டிலான தமிழர்மா. தைரியமா பேசு" என்ற பிரேம்குமார், வெளியே போகாமல் கதவோரம் நின்றார். கோட்டுக்காரரின் பின்னால் ஜன்னல் திரைச்சீலையில் பளிச்சென்று வெயில்.

"குறை எதுனா இருந்தா சொல்லுங்கம்மா. உங்க பேரு வெளிய வராது."

"அங்க குளிரு ஜாஸ்தியா சார்?"

"பயங்கர குளிரும்மா."

"வெயில் அடிக்குதே சார். அங்க இப்ப மணி இன்னா?"

அவர் கண் ஒரு நொடி ஓரமாகப் போனது. "ரெண்டு."

ஒன்பதரையோடு நாலரையைக் கூட்டிவிட்டார். கழிக்க வேண்டும். சூரியன் கிழக்கிலிருந்து வருகிறது, அதனால் நமக்குத்தான் முதலில் விடியும். மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரிந்த இந்த விஷயம், பஞ்சாங்கத்தைக் கரைத்துக் குடித்தவர்களின் ஏற்பாட்டில் விடுபட்டுப் போயிற்று.

"ஒரு குறையும் இல்ல சார்" என்று சொல்லிவிட்டு மெர்சி எழுந்தார்.

வெளியே அடுத்த ஆளாக எல்லம்மா காத்திருந்தாள். ஃபேன், மயக்கம், அன்றிலிருந்து விடாத இருமல் எல்லாவற்றையும் ஒப்பித்துத் தயாராக வந்திருந்தாள். உள்ளே போய்ச் சொன்னால் அடுத்த நாள் அவளுக்கு வேலை இருக்காது. பிரேம்குமாரோ பின்னாலேயே வந்து நின்றார்.

"சாருக்கு அங்க மணி ரெண்டாம் எல்லம்மா. வெயிலு வேற சூப்பரா அடிக்குதாம். எங்க பியூலாதான் பாவம், இன்னும் எழுந்திருக்கவே இல்ல."

எல்லம்மா மெர்சியின் முகத்தைப் பார்த்தாள். "அப்டியா? அப்ப நானும் சவுக்கியமா கீறேன்னு சொல்லிட்டு வர்றேன்க்கா."

செய்தி காதோடு காதாகப் போய், ஐந்து பேரும் அதையே சொன்னார்கள். ஐந்து பேரின் வேலையும் தப்பியது. தொழிலாளர்கள் திருப்தியாக இருக்கிறார்கள் என்று அறிக்கை போயிருக்கும். அது ஜெர்மனிக்குத்தான் போனதா, அவர்களும் தெரிந்தே கண்ணை மூடிக்கொண்டார்களா, எனக்குத் தெரியாது. ஃபேன் இன்றும் ஓடவில்லை. எல்லம்மா இருமிக்கொண்டே ஒட்டுகிறாள்.

உங்கள் வீட்டிலோ தெருவிலோ ஷூ கம்பெனிக்குப் போகிற பெண் இருந்தால், இன்றைக்கே கேளுங்கள்: "உங்க செக்‌ஷன்ல ஃபேன் ஓடுதா?" இல்லை என்றால், தொழிற்சாலை ஆய்வாளருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். கீழே உங்கள் பெயரைப் போடுங்கள். அவள் பெயரை எழுதாதீர்கள்.