நாற்காலிக்கு முன்னால் ஒரு தலைப்பாகை

இராஜாக்கமங்கலத்திலிருந்து மணவாளக்குறிச்சிக்குப் போகும் வழியில், கடலுக்குச் சற்று உள்ளே தள்ளி, முன்னாள் குடியரசுத் தலைவர் ஒருவருக்கு எழுப்பிய நினைவுப் பூங்கா இருக்கிறது. வாயிற்பலகையில் அவருடைய பெயரும் பட்டங்களும் மூன்று வரிக்கு நீள்வதால், ஊர்க்காரர்கள் அதை ‘ஜனாதிபதி பார்க்’ என்று சுருக்கிவிட்டார்கள்.

நாராயணபெருமாள் அங்கே போனது ஆவணி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில். போக அவருக்கு விருப்பமில்லை. வீட்டில் இருக்கவும் விருப்பமில்லை. ஞாயிறு என்றால் தெருக்கோடியிலுள்ள அய்யாவழி நிழல் தாங்கலில் உச்சிப்படிப்பு என்ற நண்பகல் வழிபாடு நடக்கும். அந்தச் சத்தம் சன்னல் வழியே வந்து, ‘நீ ஏன் வரவில்லை’ என்று கேட்பதுபோல் கட்டிலைச் சுற்றும்.

அவர் பலசரக்குக் கடைக்காரர். பொட்டலம் கட்டுவதில் பேர் பெற்ற கை. உத்தரத்தில் தொங்கும் நூலுருண்டையிலிருந்து நூலை இழுத்துச் சீனிப் பொட்டலத்தைச் சுற்றி, சுண்டி அறுக்கும்போது பிள்ளைகள் அதைப் பார்க்கவென்றே நின்றுகொண்டிருக்கும். போன வருடம் கடையிலேயே மயங்கி விழுந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபோது நடை திரும்பியிருந்தது, பேச்சு திரும்பியிருந்தது, வலக்கை மட்டும் நெஞ்சுக்கு மேலே எழவில்லை.

கடையை மகனிடம் விட்டது அவருக்கு வருத்தமில்லை. தாங்கலுக்குப் போக முடியாததுதான் உள்ளே அரித்தது. அய்யாவழிக்காரர்களின் தாங்கலில் சிலை கிடையாது, முகம் பார்க்கும் கண்ணாடிதான் இருக்கும். ஆண்கள் சட்டையைக் கழற்றி, தலையில் துண்டைத் தலைப்பாகையாகக் கட்டிக்கொண்டு அதன்முன் நிற்பார்கள். ‘ஒனக்க தலைல நீதான் கிரீடம் வைக்கணும், அடுத்தவன் வச்சா அது வெறும் துணியாக்கும்’ என்று அவருடைய அப்பா சொல்லியிருந்தார். கட்டாத தலையோடு போய் நிற்கவும் மனமில்லை, இன்னொருவர் கட்டிய தலையோடு நிற்கவும் மனமில்லை.

“நான் கெட்டித் தாறேன். யாரு பாக்கப் போறா?” என்று மனைவி நாகம்மை எத்தனையோ ஞாயிறு கேட்டுவிட்டாள்.

“ஏட்டி, கண்ணாடில நான் பாப்பேன்லா” என்பார்.

அவள் கையிலிருந்த துவர்த்துத் துண்டை மறுபடி கொடியில் போடுவாள்.

மகள் சபிதாதான் அன்றைக்கு இருவரையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தாள். டாக்டர் நடக்கச் சொல்லியிருந்தது அவளுக்குச் சாக்கு.

மழை வருமா வராதா என்று தெரியாத வானம். சவுக்கு மரங்களுக்கு அப்பால் கடல் இருப்பது கண்ணுக்குத் தெரியவில்லை. காற்றின் உப்பில் தெரிந்தது. வெயில் எங்கிருந்தோ வடிந்து வந்து எதன்மேலும் நிழல் விழாமல் பரவியிருந்தது. நாராயணபெருமாளுக்குத் தூக்கத்தில் நடப்பதுபோலவே இருந்தது. புல்வெளியின் நடுவில் முழங்கால் உயரத்தில் டில்லி ஜனாதிபதி மாளிகையின் மாதிரியைச் செய்து வைத்திருந்தார்கள். குனிந்து பார்த்தார்.

“இத்தன வாசலா? எந்த வாசல்ல செருப்பக் கழத்திப் போட்டோம்னு மனுசனுக்குத் தெரியாண்டாமா?”

“அது கெடக்கட்டும். இத்தன அறையையும் தூத்துப் பெருக்கினது யாரோ?” என்றாள் நாகம்மை.

“அம்மைக்கு எங்க போனாலும் வாரியல் ஞாபகந்தான்” என்று சபிதா சிரித்தாள்.

கட்டடத்துக்குள் வரிசையாகப் புகைப்படங்கள். நாடு நாடாகக் கை குலுக்கும் படங்கள். அவர் எதிலும் நிற்காமல் நகர்ந்து கடைசி அறைக்கு வந்துவிட்டார். அங்கே தடித்த கண்ணாடிக்குப் பின்னால் இருட்டறை ஒன்று. உள்ளே ஒற்றை விளக்கின் கீழே ஜனாதிபதி கடைசிவரை உட்கார்ந்து எழுதிய பிரம்பு நாற்காலி. இருக்கை நடுவில் தொய்ந்து குழி விழுந்திருந்தது. இவ்வளவு பெரிய மனிதருக்கும் இவ்வளவு சாதாரணமாக ஒரு குழி. நாராயணபெருமாள் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். வேறு யாரும் அறையில் இல்லை. மனைவியும் மகளும் வாசலருகே புகைப்படம் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அப்போது மின்சாரம் போயிற்று.

மின்விசிறி மெல்ல ஓய்ந்தது. நாற்காலி கரைந்து மறைந்தது. அவருக்குப் பின்னாலிருந்த சன்னல் வெளிச்சம் முழுவதும் கண்ணாடியில் வந்து தேங்கியது. அந்த வெளிச்சத்தின் நடுவில் ஒரு கிழவர், வெறுந்தலையோடு நின்றுகொண்டிருந்தார்.

எந்த இடம் என்பது அவருக்கு மறந்துபோயிற்று. எதிரே கண்ணாடி, அதில் தான், அது போதுமாயிருந்தது. இடக்கை தானாகவே சட்டைப் பித்தான்களைக் கழற்றியது. சட்டை காலடியில் விழுந்தது. தோளில் கிடந்த நீளத் துவர்த்தை உருவித் தலைமேல் போட்டார். வலக்கை நெஞ்சுவரை வந்து நின்றுவிட்டது. துவர்த்து நழுவியது. மறுபடி போட்டார். மறுபடி நழுவியது.

“அப்பா! என்னப்பா இது, ஆளு வந்திரும்” என்று சபிதா ஓடிவந்தாள்.

“மிண்டாத இரி மக்களே” என்று நாகம்மை அவளைப் பிடித்து நிறுத்தினாள்.

நிறுத்தியவள் தானும் கிட்டே போகவில்லை. கண்ணாடியின் ஓரத்தில் அவளுடைய முகம் மட்டும் தெரிந்தது. நாராயணபெருமாள் அந்த முகத்தைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். பிறகு துவர்த்தின் ஒரு நுனியை நெற்றியில் இடக்கையால் அழுத்திக்கொண்டு, “அந்தத் தலைப்பப் பிடி” என்றார்.

அவள் மறுநுனியைப் பிடித்து இழுத்து நின்றாள். அவர் நின்ற இடத்திலேயே மெல்லச் சுழன்றார். துணி நெற்றியைச் சுற்றி வந்தது. இன்னொரு சுற்று. சன்னல், சபிதா, சுவர், கண்ணாடி, மறுபடி சன்னல் எல்லாம் தண்ணீருக்குள் இருப்பவைபோல் அவரைக் கடந்து போயின. சுற்றி முடிந்தபோது இருவரும் ஒட்டி நின்றார்கள். அவள் விட்ட நுனியை அவரே செருகினார்.

“அண்ணாச்சி, என்ன செய்யுதீரு?” காவலாளி ஜஸ்டஸ் வாசலில் நின்றான். “சட்டையப் போடும். கரண்ட் இப்பம் வந்திரும்.”

“வரட்டும் தம்பி. வந்தா அதுக்கென்ன?” என்றாள் நாகம்மை.

வந்தது. நாற்காலி பழையபடி வெளிச்சத்தில் எழுந்தது. ஆனாலும் அவருடைய உருவம் முழுதாகப் போகவில்லை. நாற்காலிக்கு மேலே, புகைபோல, தலைப்பாகையோடு நின்றது. “அய்யா உண்டு” என்று, தாங்கலில் கும்பிடும்போது சொல்வதுபோல், அவர் வாய்க்குள் சொன்னார்.

சபிதா எடுத்துக் கொடுத்த சட்டையைப் போட்டுக்கொண்டார்.

“தலக்கெட்டு?” என்றான் ஜஸ்டஸ்.

“அதுக்கும் சட்டம் உண்டா டேய்?”

அவன் சுவரிலிருந்த விதிப்பலகையைப் பார்த்தான். தலையைச் சொறிந்தான். “இல்ல அண்ணாச்சி. சும்மா கேட்டேன். கொள்ளாம், நல்லாத்தான் இருக்கு.”

வெளியே வந்ததும், ஆட்டோவைத் தாங்கலுக்கு விடச் சொன்னார். சபிதா அம்மாவைப் பார்த்தாள். அம்மா கடல் பக்கம் பார்த்துக்கொண்டாள்.

வழியெல்லாம் காற்று. பாதித் தூரத்திலேயே தலைப்பாகை தளர்ந்து, ஊர் வரும்போது துவர்த்து அவிழ்ந்து மடியில் கிடந்தது. தாங்கலுக்குள் உச்சிப்படிப்பு தொடங்கியிருந்தது. வாசலில் சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தவர்களெல்லாம் தெரிந்த முகங்கள். ஒருவன், “பெருமாள் அண்ணன் வந்தாச்சே!” என்றான். எல்லோரும் திரும்பினார்கள்.

நாகம்மை ஆட்டோவை விட்டு இறங்காமல் இருந்தாள். “சும்மா தோள்ல போட்டுட்டுப் போங்க” என்றாள் மெதுவாக. “எல்லாரும் நிக்காவ.”

நாராயணபெருமாள் இறங்கினார். சட்டையைக் கழற்றி இருக்கையில் வைத்தார். துவர்த்தின் ஒரு நுனியை நெற்றியில் அழுத்திக்கொண்டார். மறுநுனியை, அத்தனை பேர் பார்க்க, ஆட்டோவுக்குள் நீட்டினார்.

“எறங்கி வாட்டி. படிப்பு முடிஞ்சிரும்.”