பாக்கியம் பெரியம்மா வீட்டு வெள்ளிக்கிழமை ஜெபம்

சர்க்கரைப் புண் அழுகினால் வருகிற வீச்சத்தில் ஓர் இனிப்பு உண்டு. நொதித்துப்போன பலாச்சுளையையும் மீன் கழுவின தண்ணீரையும் ஒரே சட்டியில் ஊற்றி மூடிவைத்து, ரெண்டு நாள் கழித்துத் திறந்தால் வருமே, அது மாதிரி. ஏதோ எழுத்துக்காகச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். நாற்றத்தைப் பற்றிப் பேசுவதற்கு மதுரையில் என்னைவிடத் தகுதியான ஆள் குறைவு. எட்டாம் வகுப்பைத் தாண்டாத நான், வாடகைக்கு எடுத்த ஓட்டை வண்டியை வைத்துக்கொண்டு செப்டிக் டேங்க் சுத்தம் செய்யத் தொடங்கி, இன்றைக்குச் சொந்தமாக லாரிகள் ஓட விட்டிருக்கிறேன். ஆனையூரில் என் லாரி நுழையாத தெரு இல்லை. என்னோடு படித்து டிகிரி வாங்கினவன் என் ஆபீஸில் உட்கார்ந்து போன் எடுக்கிறான். டேங்க் மூடியைத் திறந்ததும் வருகிற நாற்றம் முகத்தில் அறையும். கொஞ்ச நேரத்தில் மூக்கு அதற்குப் பழகிவிடும். அந்தப் புண்ணின் வீச்சம் மட்டும் பழகாது. தொண்ணூறுகளின் நடுவில் என் அம்மாச்சி அதற்குப் பக்கத்தில் உட்கார்ந்து, மாதக் கணக்கில் தினமும் கதை வாசித்தாள்.

அப்பாவும் அம்மாவும் திருப்பூருக்குப் பனியன் வேலைக்குப் போய்விட்டதால், என்னை வளர்த்தது எஸ்தர் என்கிற அந்த அம்மாச்சிதான். அவளுக்குச் சந்தோஷம் என்று இருந்தவை மூன்று. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் உள்ளூரிலேயே இருந்த இன்னொரு மகள், மருமகன், பேரன், பேத்தி என்று ஒரு பெஞ்சு முழுக்க நிரப்பி உட்கார்ந்து, வேறு யாராவது ஓரத்தில் ஒண்ட வந்தால் "இது நம்ம ஆளுக பெஞ்சு, அங்கிட்டுப் போங்க" என்று சிரித்துக்கொண்டே தள்ளிவிடுவது ஒன்று. வெள்ளிக்கிழமை சாயங்காலம் பெண்கள் சங்கத்தார் முறை வைத்து ஒவ்வொருவர் வீட்டிலும் கூடுகிற "வீட்டு ஜெபம்" இன்னொன்று. அங்கே கஞ்சிராவை அவள் கையில் கொடுத்துவிட்டால் மற்றவர்கள் பாட்டை நிறுத்தினாலும் அவள் நிறுத்த மாட்டாள். மூன்றாவது வாசிப்பு. கல்யாணமாகிப் பிள்ளை பெற்ற பிறகு சர்ச் மாலை வகுப்பில் எழுத்துக் கூட்டக் கற்றவள், கற்ற நாளிலிருந்து கண்ணில் பட்ட எதையும் விடவில்லை. புளி மடித்து வந்த தாளைக்கூட நீவிவிட்டு வாசித்துவிட்டுத்தான் அடுப்பில் போடுவாள்.

அந்நாளில் சைக்கிள் ஹேண்டில்பாரில் இரண்டு பக்கமும் பை மாட்டிக்கொண்டு, வாரப் பத்திரிகைகளை வீடு வீடாக வாடகைக்குக் கொடுக்கிற ஒருவர் எங்கள் தெருவுக்கு வருவார். "புக்குக்காரர்" என்போம். அவர் மணிச்சத்தம் கேட்டால் அம்மாச்சி அடுப்பில் இருக்கிற பாலை மறந்துவிடுவாள். அவளுக்கு மனதுக்குள் வாசிக்கத் தெரியாது. சர்ச்சில் வேதபாடம் வாசிக்கிற அதே ராகத்தில், அதே நிறுத்தத்தில், தொடர்கதையை உரக்க வாசிப்பாள். கதாநாயகி கோபித்துக்கொண்டு கதவைச் சாத்தினாள் என்கிற வரியைக்கூட அவள் வாசித்தால் முடிவில் ஆமென் சொல்லத் தோன்றும்.

எங்களுக்கு இரண்டு வீடு தள்ளி இருந்தவர் பாக்கியம் பெரியம்மா. சொந்தம் இல்லை, பழக்கத்தில் வந்த முறை. சங்கத்திலேயே பெரிய குரல் அவருடையதுதான். அவர் பாட எழுந்தால் பின் பெஞ்சில் தூங்குகிற கிழவர்கள் எல்லாம் நிமிர்ந்துவிடுவார்கள். சர்க்கரை வியாதியில் காலில் வந்த ஒரு சின்னக் கொப்புளம் புண்ணாகி, விரல்கள் போய், பாதம் கறுத்து, பெரியம்மா படுக்கையில் விழுந்தார். காலை எடுக்க வேண்டும் என்றார்கள். அவர் மாட்டேன் என்றார். மில்லில் வேலை பார்த்து ஓய்ந்த அவர் வீட்டுக்காரர், நாங்கள் பெரியப்பா என்று கூப்பிடுபவர், சாம்பிராணி போட்டுப் போட்டு வீட்டையே புகைக்கூடாக ஆக்கிவைத்திருந்தார். அப்படியும் அந்த வீச்சம் தெருமுனை வரை வந்து வரவேற்கும். பால்காரர் மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் மணி அடிப்பார்.

அம்மாச்சி தினமும் மத்தியானம் பத்திரிகையை எடுத்துக்கொண்டு அங்கே போய்விடுவாள். அப்போது ஓடிக்கொண்டிருந்த தொடர்கதையில், புருஷன் சொல்லாமல் கொள்ளாமல் ஓடிப்போன மரகதம் என்கிற பெண் மாமியாரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். பெரியம்மா மாமியார் கட்சி. "அந்தச் சிறுக்கிக்கு இம்புட்டு வாய் ஆகாதுக்கா" என்பார். "உன் வாயவிடவா?" என்பாள் அம்மாச்சி. வேதமும் வாசிப்பாள், ஆனால் முதலில் கதை. பெரியம்மா கேட்பது அப்படி.

வாசித்து முடித்து வீட்டுக்கு வந்ததும் அம்மாச்சி நேரே கொல்லைக்குப் போவாள். துவைக்கிற கல்லுக்குப் பின்னால் குனிந்து, குடலே வெளியே வருகிற மாதிரி ஓங்கரித்து வாந்தி எடுப்பாள். ஒரு நாள் இல்லை, தினமும். பிறகு வாயைக் கொப்பளித்து, சிவப்பு சோப்பைப் போட்டுத் தேய் தேய் என்று தேய்த்துக் குளித்துவிட்டு வந்து, ஒன்றும் நடக்காத மாதிரி எனக்குச் சோறு போடுவாள். அப்போது அவளைக் கண்டாலே எனக்குக் குமட்டும். "எதுக்கு அம்மாச்சி அங்க போற? ஒனக்கே அருவருப்பா இருக்குல்ல?" என்று கத்தினேன்.

"இல்லாமயா இருக்கும், நான் என்ன கட்டையா? எனக்கு வாந்தி வருதுங்கிறது அவளுக்குத் தெரியக் கூடாது, அம்புட்டுத்தான்" என்றாள்.

இதற்கிடையில் வெள்ளிக்கிழமை முறை பெரியம்மா வீட்டுக்கு வந்தது. ஜெபம் நடக்கிற வீட்டில் வந்தவர்களுக்குக் காபியும் பலகாரமும் கொடுப்பது முறை. அதை யாரும் மறுக்கக் கூடாது. மறுத்தால் அந்த வீட்டை மறுத்த மாதிரி. பெரியப்பா காலையிலிருந்து முற்றத்தைக் கழுவினார். சர்ச்சிலிருந்து பாய்களைத் தூக்கிவந்து விரித்தார். கேசரி கிண்டத் தெரியாமல் கிண்டிக் கட்டியாக்கி, அம்மாச்சியைக் கூப்பிட்டு மறுபடி கிண்டவைத்தார். பெரியம்மா, அத்தனை வலியிலும், தலை சீவி, வெள்ளைச் சேலையைப் போர்த்திக்கொண்டு, "எல்லாரும் வருவாகளாக்கா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். மாதக் கணக்கில் வீட்டுக்காரரையும் அம்மாச்சியையும் தவிர வேறு மனிதர் முகம் பார்க்காத பொம்பளை. அன்றைக்கு அவருக்கு வேண்டியிருந்ததெல்லாம், தன் பாயில் நாலு பேர் உட்கார்ந்து பாடிவிட்டுக் கேசரி தின்றுவிட்டுப் போக வேண்டும் என்பதுதான்.

வந்தார்கள். அந்தக் காட்சியை நினைத்தால் இப்போதும் காறித் துப்பத் தோன்றுகிறது. குடையும் கைப்பையுமாக ஒரு கூட்டம் தெருவில் வந்து, பெரியம்மா வீட்டுக் கேட்டுக்கு வெளியே நின்றுவிட்டது. முன்னால் சங்கத் தலைவி. சென்ட் தெளித்த கைக்குட்டையை மூக்கில் வைத்திருந்தார். மற்றவர்கள் சேலைத் தலைப்பை வைத்திருந்தார்கள். ஒருத்தி சாக்கடை ஓரமாகத் திரும்பி எச்சில் துப்பினாள்.

"வாங்கம்மா, உள்ள வாங்க. பாய் விரிச்சிருக்கு" என்றார் பெரியப்பா.

"இருக்கட்டும் பெரியவரே. பாக்கியத்துக்கு ஓய்வு வேணும்ல? இங்கன நின்னே ஜெபம் பண்ணிட்டு, கூடுகைய எங்க வீட்டுல வச்சுக்கிறோம். ஆண்டவருக்குத் தூரம் ஏது?" என்றார் தலைவி.

பெரியப்பா கையில் காபி டம்ளர் அடுக்கின தட்டோடு நின்றார். ஒருத்தியும் எடுக்கவில்லை. கண்ணை மூடி, வேகமாக, பஸ்ஸுக்குப் போகிற அவசரத்தில் ஜெபித்தார்கள். முடிந்ததும் தலைவி வாசல்படியில் நின்ற அம்மாச்சியைப் பார்த்து, உள்ளே படுத்திருப்பவருக்கும் கேட்கிற குரலில் சொன்னார்: "எஸ்தரம்மா, நீங்க இங்க வந்து கண்ட கதையெல்லாம் வாசிக்கிறதாக் கேள்விப்பட்டேன். போகப்போற உசுரு காதுல போட வேண்டியது வசனமா, இல்ல மாமியா மருமக சண்டையா? இப்படி இருந்தா, வர்ற பெண்கள் ஞாயித்துக்கிழமை உங்கள வேதபாடம் வாசிக்க எப்படி விடுறது?"

அம்மாச்சி வருஷக் கணக்காகக் காத்துக்கிடந்து கிடைத்த வாய்ப்பு அது. பெண்கள் ஞாயிறு அன்று, சபை முழுக்க எழுந்து நிற்க, முன்னால் போய் வாசிப்பது. வாயில் நுழையாத பெயர்கள் வரிசையாக வருகிற பகுதி அது. மாவாட்டும்போதும் பாத்திரம் கழுவும்போதும் அந்தப் பெயர்களையே உருப்போட்டுக்கொண்டு திரிந்தாள். அவள் முகம் சுருங்கினதை நான் பார்த்தேன். கேட்டின் கொண்டியை எடுத்து, கதவை அகலமாகத் திறந்துவிட்டாள்.

"சரிதான் தலைவியம்மா. உள்ள வந்து அவ பக்கத்துல உக்காந்து நீங்க வசனத்த வாசிங்க. இந்த நிமிசமே நான் கதைய நிப்பாட்டுறேன்."

தலைவியின் கைக்குட்டை மூக்கைவிட்டு இறங்கவில்லை. பிறகு செருப்புச் சத்தம் மட்டும் கேட்டது. தெருமுனை திரும்பினதும் ஒருத்தி ஏதோ சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள்.

உள்ளே அழுகைச் சத்தம் கேட்குமோ என்று பயந்துகொண்டே போனேன். பெரியம்மா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். அம்மாச்சி பக்கத்தில் போய் உட்கார்ந்ததும், "அந்தச் சனியன விடுக்கா. மரகதம் மாமியா வீட்டுக்குத் திரும்பிப் போனாளா இல்லையா, அதச் சொல்லு" என்றார். பெரியப்பா கேசரியை எங்கள் தட்டில் அள்ளி வைத்தார். அந்த வீச்சத்துக்கு நடுவில் அம்மாச்சி ஒரு துணுக்கு விடாமல் தின்றாள், இன்னொரு கரண்டி கேட்டு வாங்கியும் தின்றாள். என்னால் முடியவில்லை.

பெண்கள் ஞாயிறு அன்று வேதபாடம் வாசித்தது தலைவியின் மருமகள். அம்மாச்சி பெஞ்சில் உட்கார்ந்து தலையாட்டிக்கொண்டு கேட்டுவிட்டு, "நல்லாத்தான் வாசிச்சா, பாவம்" என்றாள். எனக்கு எரிச்சல் மண்டைக்கு ஏறியது. அதற்கு அடுத்த மாதம் பெரியம்மா போய்ச் சேர்ந்தார். கதை முடியவில்லை. அடக்க ஆராதனையில் சவப்பெட்டியின் மேல் பாட்டில் பாட்டிலாகச் சென்ட் ஊற்றினார்கள். தலைவி முன்னால் போய் நின்று, "சகோதரி பாக்கியத்தின் படுக்கையருகே எங்கள் சங்கம் கடைசி மட்டும் ஜெபத்தில் தரித்திருந்தது" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு சாட்சி சொன்னார். சபை முழுக்க ஆமென் சொன்னது. எத்தனையோ டேங்குகளைத் திறந்துவிட்டேன். அந்த ஆமெனுக்குக் குமட்டினது போல எனக்கு எதற்கும் குமட்டவில்லை.

அதற்கடுத்த வெள்ளிக்கிழமை அம்மாச்சி கஞ்சிராவைத் துடைத்துக்கொண்டு கிளம்பினாள், அதே தலைவி வீட்டுக்கு. நான் வாசலில் கையை விரித்து மறித்தேன். "வெக்கமா இல்ல ஒனக்கு? அவளுக மூஞ்சியில எப்படி முழிப்ப?"

"அவளுக மூஞ்சிய எவன் பாக்கப் போறான்? நான் பாடப் போறேன். அவளுக நாறுனா அதுக்குப் பாட்டு என்னடா பண்ணும்? நகரு, நேரமாச்சு" என்று என் கையைத் தட்டிவிட்டுப் போனாள். போய்ப் பாடினாள், பலகாரம் தின்றாள், சிரித்த முகமாகத் திரும்பி வந்தாள். சாகிற வரைக்கும் ஒரு வெள்ளிக்கிழமையை விடவில்லை. இவ்வளவு பெரிய தொழிலைக் கட்டி ஆளுகிற எனக்கு, அவள் அதை எப்படிச் செய்தாள் என்பது மட்டும் இன்றுவரை பிடிபடவில்லை. நானாக இருந்தால் அந்த வாசலை மிதித்திருக்க மாட்டேன்.

இப்போது மிதிப்பதற்கு வாசலும் இல்லை. புக்குக்காரரின் சைக்கிள் மணி நின்று பல காலம் ஆயிற்று. பாய்கள் சர்ச் மாடியில் எலி கடித்துக் கிடக்கின்றன. வெள்ளிக்கிழமை ஜெபம் போனில் ஒரு குரூப்பில் நடக்கிறது, பெரிய மனிதன் என்று அதில் என்னையும் சேர்த்திருக்கிறார்கள். யார் வீட்டுக்கும் யாரும் போக வேண்டாம், எவர் காபியையும் மறுக்க வேண்டாம். போன வாரம், சபையில் ஒரு பெரியவர் காலில் புண்ணோடு படுக்கையாகக் கிடக்கிறார், ஜெபித்துக்கொள்ளுங்கள் என்று ஒரு செய்தி வந்தது. அடுத்த நிமிஷம் போன் திரை முழுக்கக் கை கூப்புகிற பொம்மைகளாக வந்து நிறைந்தது. எனக்கு மறுபடியும் அந்தக் குமட்டல் வந்தது. "எந்தத் தெரு, எந்த வீடு?" என்று எழுத்துக் கூட்டி எழுதிப் போட்டேன்.

அதற்கும் கை கூப்புகிற பொம்மையைத்தான் அனுப்பினார்கள்.