தலைக் குடுவை பார்க்க வந்த அக்கா

மொன்றியலுக்குப் படிக்க வந்த முதல் ஆண்டில், பெருவின் பழைய மக்கள் மனித முகமாகவே செய்த மண் குடுவைகளின் மீது எனக்குப் பைத்தியம் பிடித்திருந்தது. வாராவாரம் அருங்காட்சியகத்துக்குத் தனியாகப் போவேன். பார்த்ததைப் பற்றிக் கதைக்க ஒருவரும் இல்லை. ஒருநாள் டொலார்ட்-டெஸ்-ஓர்மோ என்ற புறநகரில் இருக்கும் அக்காவைக் கெஞ்சி வரவழைத்தேன். குடுவைகளைப் பார்த்துவிட்டு அவளுடைய காரில் இருவரும் முருகன் கோயிலுக்குப் போவதாக ஏற்பாடு.

ஒரு குடுவையின் முன்னால் அக்கா அப்படியே நின்றுவிட்டாள். "இஞ்ச பார், கூப்பிட்டால் திரும்புவார் போல கிடக்கு!"

எனக்குச் சந்தோசத்தில் தலைகால் புரியவில்லை. "ஓம் அக்கா! செத்த ஆளோட சேத்துப் புதைச்சது. குழிக்குள்ள இருந்துதான் எடுத்தவை."

அக்கா பின்வாங்கினாள். "விசரா, கோயிலுக்குப் போற நேரத்தில இதையே காட்டுறாய்? இனி முழுகாமல் எங்கையும் போகேலாது."

"கண்ணாடிப் பெட்டிக்குள்ளதானே இருக்கு?"

"செத்தவீட்டு வாசல்ல நிண்டாலும் முழுகத்தான் வேணும். நான் வீட்டை போறன்."

அவள் பின்னாலேயே வெளியே ஓடினேன். ஒரே மனிதனைச் சிறுவனாக ஒரு குடுவையிலும் பெரியவனாக இன்னொன்றிலும் செய்திருக்கிறார்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவளுடைய கார்க் கதவு மூடிக்கொண்டது. மெட்ரோவில் என் அறை இருக்கும் நோத்ர-டாம்-த-கிரேஸ் வரை அதை எனக்கே சொல்லிக்கொண்டு போனேன்.